குரோமும் சயனைடும் ஒரே தொட்டிக்குப் போகக் கூடாது

கோயம்புத்தூர் பக்கம் பிளேட்டிங் பட்டறைகளுக்குக் குறைவே இல்லை. பம்ப், மோட்டார், கிரைண்டர், வால்வு என்று உலோகத்தில் எதைச் செய்தாலும் அதன்மேல் துத்தநாகமோ நிக்கலோ குரோமோ ஏறியாக வேண்டும். அதைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறைகள் சந்துக்குச் சந்து இருக்கின்றன. அவற்றின் பின்பக்கம் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித் தகரக் கூரைக்குக் கீழே நாலைந்து தொட்டிகளும் சேற்றைப் பிழியும் ஒரு ஃபில்டர் பிரஸ்ஸும் இருக்கும். அதுதான் ஈடிபி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். பட்டறை பட்டறையாகப் போய் அதைச் சரிசெய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு.

ஈடிபி சரியாக ஓடவில்லை என்றால் எல்லோரும் கேட்கும் கேள்வி, "எந்தக் கெமிக்கல் போட்டால் சரியாகும்?" என்பதுதான். கெமிக்கல் விற்க வருகிறவரிடம் கேட்டால் அவரும் ஒரு பெயர் சொல்லிவிட்டுப் போவார். நான் போனதும் கேட்பது வேறு. எந்தத் தொட்டித் தண்ணீர் எந்தக் குழாயில் போகிறது? பெரும்பாலான பட்டறைகளில் இதற்கு யாருக்கும் முழுப் பதில் தெரிவதில்லை. முதலாளிக்குப் பாதி தெரியும், பிளம்பருக்கு மீதி தெரியும். அந்தப் பிளம்பர் இப்போது எங்கே இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது.

இந்தத் தண்ணீரில் இருப்பது என்ன என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அலங்காரக் குரோம் ஏற்றும் தொட்டியில் லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் அமிலம் இருக்கும். அதில் குரோமியம் மட்டும் 130 கிராம். அத்தனையும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், எங்கள் பேச்சில் ஹெக்ஸா. தண்ணீரில் எளிதாகக் கரையும், புற்றுநோயை உண்டாக்கும். வெளியே விடும் நீரில் இது லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். சரக்கை மாட்டி முக்கும் சட்டமான ஜிக்கைத் தூக்கும்போது சொட்டிப்போகிற ஒரே ஒரு லிட்டரை, வெறும் தண்ணீர் ஊற்றியே அந்த வரம்புக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் 13 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் நூற்றுக்கும் மேற்பட்ட நடை. "கொஞ்சம் தண்ணி சேர்த்து விட்டுறலாமுங்களா?" என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைத்தான் சுவரில் எழுதிக் காட்டுவேன்.

மற்ற வரம்புகளையும் சொல்லிவிடுகிறேன். லிட்டருக்கு மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராம், நிக்கல் 3, செம்பு 3, துத்தநாகம் 5, சயனைடு 0.2. இதில் சயனைடை மட்டும்தான் உடைத்து அழிக்க முடியும். உலோகத்தை எந்தக் கெமிக்கலாலும் அழிக்க முடியாது. தண்ணீரில் கரைந்திருப்பதைக் கரையாததாக்கிச் சேற்றுக்கு மாற்றலாம், அவ்வளவுதான். ஈடிபி என்ற மொத்த ஏற்பாடும் அந்த மாற்றத்துக்காகத்தான். ஆனால் ஒவ்வொரு உலோகமும் வெவ்வேறு நிலையில்தான் மாறும். ஒன்றுக்கு அமிலம் வேண்டும், இன்னொன்றுக்குக் காரம் வேண்டும், மூன்றாவது வேறொன்றோடு ஒட்டிக்கொண்டிருந்தால் எதற்கும் மசியாது. அதனால்தான் குழாயிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு பட்டறையில் செம்பு, நிக்கல், குரோம் வரிசை ஒரு பக்கம், துத்தநாக வரிசை மறுபக்கம். சாம்பிள் எடுத்தால் நிக்கலும் சயனைடும் வரம்பைத் தாண்டியே நின்றன. ஈடிபி ஆப்பரேட்டர் வயதில் மூத்தவர், வேலையில் சுத்தம். கடைசித் தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு வெயிலில் தூக்கிக் காட்டினார். "ஏனுங் சார், தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குது. அப்புறம் எப்படிங்க ஃபெயிலுங்கறாங்க?" அவர் சொன்னது சரி, தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. கரைந்திருக்கும் நிக்கல் சில மில்லிகிராம் அளவில் கண்ணுக்குத் தெரியாது. சயனைடுக்கு நிறமே கிடையாது.

அங்கே வேலை செய்யும் பீகார்ப் பையன்கள் ஹோலிக்கு வாங்கியதில் கொஞ்சம் கலர்ப்பொடி மிச்சம் வைத்திருந்தார்கள். அதைப் பக்கெட்டில் கரைத்து, ஒவ்வொரு வாஷ் தொட்டியின் வடிகாலிலும் ஊற்றினோம். ஒருவர் முன்னால் ஊற்ற, நான் பின்னால் எந்தக் குழாயில் சிவப்பு வருகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் குறித்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் படம் கிடைத்துவிட்டது. செம்பு சயனைடுத் தொட்டியின் வாஷ் தண்ணீரும் நிக்கல் வாஷ் தண்ணீரும் தரைக்கு அடியில் ஒரே வாய்க்காலில் சேர்ந்துதான் வந்தன. இரண்டும் கலந்தால் நிக்கல் சயனைடு என்ற கூட்டுப்பொருள் உண்டாகிறது. சயனைடை உடைக்கப் போடும் குளோரின் அதைத் தொட மிகவும் தயங்கும். நிக்கலைப் படிய வைக்கப் போடும் காரத்துக்கும் அது மசியாது. இரண்டு விஷமும் ஒன்றையொன்று காப்பாற்றிக்கொண்டு கடைசித் தொட்டி வரைக்கும் வந்து சேர்ந்துவிடுகின்றன. தனித்தனியாக வந்திருந்தால் இரண்டையும் சுலபமாகப் பிடித்திருக்கலாம்.

இரும்பும் அப்படித்தான். சயனைடுத் தொட்டிக்குள் விழுந்த ஆணியையும் கம்பியையும் எடுக்காமல் விட்டால் இரும்புச் சயனைடாக மாறும். அது இன்னும் பிடிவாதம். தொட்டியின் அடியில் காந்தம் கட்டிய குச்சியை வாரம் ஒருமுறை விட்டுத் துழாவுவது ஈடிபிக்குச் செய்யும் உதவி என்று பிளேட்டிங் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

அங்கே எல்லோரும் மறந்துபோயிருந்த இன்னொன்றும் கிடைத்தது. துத்தநாக வரிசையில் குரோம் ஏது என்று நினைத்திருந்தார்கள். துத்தநாகம் ஏற்றியபின் மஞ்சள் பளபளப்புக்காகப் பாசிவேஷன் கொடுப்பார்கள் அல்லவா, அந்த மஞ்சளே ஹெக்ஸாதான். அந்த வாஷ் தண்ணீர் சாதாரண அமிலத் தண்ணீரோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. குரோம் தொட்டியின் புகையை இழுத்துக் கழுவும் ஸ்க்ரப்பர் தண்ணீரும் இப்படித்தான் கணக்கில் வராமல் போகும். எந்தப் பட்டறைக்குப் போனாலும் இந்த இரண்டையும் முதலில் தேடுங்கள்.

ஆக, குறைந்தது நான்கு குழாய். குரோமுக்கு ஒன்று, சயனைடுக்கு ஒன்று, நிக்கலுக்கு ஒன்று, மீதி அமில, காரத் தண்ணீருக்கு ஒன்று. நான்குக்கும் நான்கு நிறம் பூசிவிடுவது நல்லது. எழுதி வைத்தால் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் உதவும்.

குரோம் தண்ணீரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அதில்தான் விஷயம் அதிகம். ஹெக்ஸா எந்தப் பிஹெச்சிலும், அதாவது எந்த அமில, கார அளவிலும், கரைந்தேதான் இருக்கும், சுண்ணாம்பைக் கொட்டினாலும் படியாது. முதலில் அதை மூன்று இணைதிறன் குரோமியமாக இறக்க வேண்டும். அதற்கு நாம் போடுவது சோடியம் மெட்டாபைசல்பைட், பட்டறை மொழியில் மெட்டா. கந்தக அமிலம் விட்டுப் பிஹெச்சை 2 முதல் 2.5 வரை இறக்கினால் வேலை சில நிமிடத்தில் முடிந்துவிடும். 3-இல் அரைமணி ஆகலாம். 4-க்கு மேலே போனால் எவ்வளவு மெட்டா போட்டாலும் நகராது. அமிலத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று 4-இல் நிறுத்திவிட்டு மெட்டாவை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். மிச்சமான அமிலத்தைவிடச் செலவான மெட்டாவின் விலை அதிகம்.

கணக்குப்படி ஒரு கிராம் ஹெக்ஸாவுக்கு 2.74 கிராம் மெட்டா போதும். நடைமுறையில் 3 முதல் 3.5 கிராம் ஆகும், காற்றும் கொஞ்சம் தின்றுவிடும். மூட்டையைத் திறந்து ஈரமான இடத்தில் வைத்தால் கட்டியாகி வீரியம் போய்விடும். மெட்டா நன்றாக இருக்கிறதா என்று மோந்து பார்த்துச் சொல்கிற ஆப்பரேட்டர்கள் உண்டு. கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அந்த வாடை கந்தக டை ஆக்சைடு. ஆஸ்துமா இருப்பவர் ஒருமுறை நன்றாக இழுத்தால் ஆஸ்பத்திரிதான். மூடியிட்ட தொட்டியும், மேலே ஒரு புகைபோக்கியும் கட்டாயம் வேண்டும்.

எவ்வளவு மெட்டா போட வேண்டும் என்பதை ஓஆர்பி மீட்டர் சொல்லும். தண்ணீரில் ஆக்சிஜனேற்றும் சக்தி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அது மில்லிவோல்ட்டில் காட்டுகிறது. புத்தகத்தில் 250, 300 என்று ஒரு எண் இருக்கும். அதை அப்படியே செட் செய்துவிட்டுப் போகாதீர்கள். உங்கள் தண்ணீரை ஒரு பீக்கரில் எடுத்து, பிஹெச்சை 2.5-இல் வைத்து, மெட்டாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணைக் குறித்துக்கொண்டே வாருங்கள். ஆரம்பத்தில் மெல்ல இறங்கும், ஹெக்ஸா தீரும் இடத்தில் சட்டென்று சரியும். ஆரஞ்சும் மஞ்சளும் போய் நீலப் பச்சை வரும். அந்தச் சரிவு முடிகிற இடம்தான் உங்கள் தொட்டிக்கான எண்.

அப்புறம் அந்த மீட்டரின் புரோப். பட்டறைத் தண்ணீரில் எண்ணெய் வரும், அது புரோப்பின் முனையில் இருக்கும் பிளாட்டினத்தில் படலமாக ஒட்டிவிடும். ஒட்டினால் மீட்டர் தூங்கிவிடும். தண்ணீர் மாறினாலும் எண் மாறாது. ஒன்று, கன்ட்ரோலர் மெட்டாவை விட்டுக்கொண்டே இருக்கும், இல்லை விடவே விடாது. வாரம் ஒருமுறை புரோப்பை எடுத்து மிருதுவான பிரஷ்ஷில் சோப்பு நீர் தொட்டுக் கழுவி, நீர்த்த அமிலத்தில் கொஞ்சம் ஊறவைத்து, பிறகு சரிபார்க்க வேண்டும். சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. பிஹெச் 4, பிஹெச் 7 என்று அளவு மாறாத பஃபர் கரைசல் இரண்டிலும் குயின்ஹைட்ரோன் ஒரு சிட்டிகை கரைத்து, புரோப்பை மாற்றி மாற்றி வையுங்கள். இரண்டுக்கும் நடுவே சுமார் 177 மில்லிவோல்ட் வித்தியாசம் காட்டினால் புரோப் நன்றாக இருக்கிறது. நூற்றுச் சொச்சத்தில் நின்றால் மறுபடி கழுவுங்கள். அப்படியும் வராவிட்டால் மாற்றிவிடுங்கள்.

மீட்டர் எதைச் சொன்னாலும் தொட்டியைத் திறந்துவிடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்தே ஆக வேண்டும். டைஃபினைல் கார்பசைடை அசிட்டோனில் கரைத்து ஒரு சின்னப் பாட்டிலில் வைத்திருப்போம். சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்து, அமிலம் சேர்த்து, அதில் இதை விட்டால் ஹெக்ஸா இருக்கும் பட்சத்தில் ஊதா நிறம் வரும். 0.1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால்கூட இளஞ்சிவப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். லேப் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், இரண்டு நிமிட வேலை. இதைக் காரம் சேர்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்பது முக்கியம். காரம் சேர்த்து மற்றத் தண்ணீரோடு கலந்தபின் ஊதா வந்தால், அத்தனை தண்ணீரையும் திரும்ப அமிலத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். பாட்டிலில் கரைசல் பழுப்பாகியிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

ஹெக்ஸா இறங்கியபின் காஸ்டிக்கோ சுண்ணாம்போ போட்டுப் பிஹெச்சை 8, 8.5-க்கு ஏற்றினால் குரோமியம் ஹைட்ராக்சைடாகப் படியும். அதிகமாக ஏற்றினால் நல்லதுதானே என்று 11, 12-க்குக் கொண்டுபோனால் படிந்த குரோமியமே திரும்பக் கரைய ஆரம்பிக்கும். துத்தநாகமும் அப்படியே. நிக்கலுக்கோ 10-க்கு மேலே போனால்தான் நன்றாகப் படியும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டு 9-இல் வைத்தால் ஒன்றுக்கும் முழு நியாயம் கிடைக்காது. குழாய் பிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நிக்கல் தண்ணீரைப் படிய வைத்துத் தெளிவைப் பிரித்தெடுத்து வடிகட்டிய பிறகுதான் பிஹெச்சை 9-க்குக் கீழே இறக்க வேண்டும். சேறு மிதந்துகொண்டிருக்கும்போதே அமிலம் விட்டால் பிடித்த நிக்கல் கையை விட்டுப் போய்விடும்.

மெட்டாவுக்குப் பதில் இரும்பு சல்பேட் போடுகிறவர்களும் உண்டு. விலை மலிவு, அமிலமும் அதிகம் வேண்டாம். ஆனால் ஒரு கிராம் குரோமியத்துக்குச் சுமார் 16 கிராம் இரும்பு சல்பேட் தேவை. கரைந்த இரும்பு முழுக்கக் கடைசியில் சேறாகத்தான் வந்து நிற்கும். உலர்ந்த எடையில் பார்த்தால், மெட்டாவில் வரும் சேற்றைப்போல நான்கு மடங்கு. கெமிக்கல் வாங்கும்போது கிலோ விலையைப் பார்க்கிற முதலாளி, சேறு அனுப்பும்போது கட்டும் பணத்தை வேறு கணக்கில் எழுதுவார். இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் காட்டினால் மெட்டாதான் மலிவு என்பது தெரிந்துவிடும். துரு எடுக்கும் பிக்லிங் தொட்டியின் பழைய அமிலம் பட்டறையிலேயே இருந்தால் மட்டும் வேறு கதை. அதில் அமிலமும் இருக்கிறது, இரும்பும் இருக்கிறது. எப்படியும் கொட்டத்தான் போகிறோம் என்பதால் குரோம் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். சயனைடுத் தொட்டியின் பக்கம் மட்டும் அந்த கேன் போகவே கூடாது.

சயனைடு. இதைச் சுருக்கமாகவும் கண்டிப்பாகவும் சொல்ல வேண்டும். அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும், ஆளைக் கொல்லும். பாதாம் வாசனை வரும் என்பார்கள், பலருக்கு மூக்கில் அது படவே படாது. அதனால் வாசனையை நம்பாதீர்கள். சயனைடுத் தொட்டிக்கும் அமிலக் கேன்களுக்கும் நடுவே தரையில் ஒரு மேடு கட்டி, கசிந்தாலும் ஒன்றோடொன்று சேராதபடி வைக்க வேண்டும். பிஹெச்சை 10.5-க்கு மேல் ஏற்றிய பிறகுதான் ஹைப்போ, அதாவது குளோரின் தரும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல், விட வேண்டும். அதற்குக் கீழே விட்டால் சயனோஜன் குளோரைடு என்ற இன்னொரு விஷவாயு தங்கி நிற்கும். ஒரு கிராம் சயனைடைச் சயனேட்டாக மாற்ற 2.73 கிராம் குளோரின், முழுவதும் உடைக்க சுமார் 6.8 கிராம். இது காகிதக் கணக்கு. வெயிலில் வைத்திருக்கும் ஹைப்போ நாளுக்கு நாள் வீரியம் இழக்கும் என்பதால், கேன் மேல் 12 சதவீதம் என்று எழுதியிருப்பதை வைத்து அளந்து ஊற்றினால் குறையும். ஊற்றி, அரைமணி கலக்கி, பொட்டாசியம் அயோடைடு ஸ்டார்ச் தாளை நனைத்துப் பாருங்கள். நீலம் வந்தால் குளோரின் மிச்சம் இருக்கிறது, அதாவது சயனைடு தன் பங்கை எடுத்து முடித்துவிட்டது.

மிச்சமான அந்தக் குளோரின் செய்யும் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். ஒரு பட்டறையில் குரோம் தொட்டி சோதனையில் ஊதா வரவே இல்லை, ஹெக்ஸா சுத்தமாக இறங்கியிருந்தது. ஆனால் எல்லாத் தண்ணீரும் சேரும் கடைசித் தொட்டியில் லேசான மஞ்சள், அங்கே சோதித்தால் ஊதா. குரோம் தொட்டி ஆப்பரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், பாவம். சயனைடு உடைத்த தண்ணீர் மிச்ச ஹைப்போவோடு காரமாக வந்து, படிந்துகொண்டிருந்த குரோமியத்தோடு கலந்தது. காரத்தில் ஹைப்போ மூன்று இணைதிறன் குரோமியத்தைத் திரும்ப ஹெக்ஸாவாக ஏற்றிவிடும். ஒரு தொட்டி செய்த வேலையை இன்னொரு தொட்டி கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தது. மருந்து ரொம்ப எளிது. சயனைடுத் தண்ணீரை வெளியே விடுவதற்கு முன் கொஞ்சம் மெட்டா விட்டு, ஸ்டார்ச் தாளில் நீலம் வராமல் போகும் வரை பார்த்துவிட்டு அனுப்பினோம். மஞ்சள் போய்விட்டது.

நிக்கலில் வேறொரு தலைவலி. தனிக் குழாய், சரியான பிஹெச், சேற்றைத் திரட்டும் நல்ல பாலிமர் எல்லாம் இருந்தும் நிக்கல் இறங்காவிட்டால் அதை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அம்மோனியா, சிட்ரேட், ஈடிடிஏ போன்றவை உலோகத்தைப் பிடித்துக்கொண்டு படிய விடாது. எண்ணெய் எடுக்கும் கிளீனரில் இவை இருக்கும். மின்சாரம் இல்லாமல் நிக்கல் ஏற்றும் எலக்ட்ரோலெஸ் தொட்டியில் நிறையவே இருக்கும். புதிதாகக் கிளீனர் மாற்றிய வாரத்திலிருந்து நிக்கல் ஏறியிருக்கிறதா என்று ஸ்டோர் ரெஜிஸ்டரைப் பாருங்கள், பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். கிளீனர் தண்ணீரை நிக்கல் குழாயிலிருந்து விலக்கினால் போதும். விலக்க முடியாத இடத்தில் சல்ஃபைடு வகையோ டைதயோகார்பமேட் வகையோ போட்டு நிக்கலைப் பறிக்கலாம். அவை விலை அதிகம். சல்ஃபைடு அமிலத்தில் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதுவும் கொல்லும் வாயுதான்.

படிய வைப்பதில் எல்லோரும் பாலிமரைக் குறை சொல்வார்கள், பெரும்பாலும் பம்ப்தான் காரணம். பாலிமர் விட்டு மெல்லக் கிளறினால் சேறு பஞ்சுப் பொதியாகத் திரளும். அதை ஒரு சென்ட்ரிஃபியூகல் பம்ப்பில் இழுத்து அடுத்த தொட்டிக்குத் தள்ளினால் பம்ப்பின் இறக்கை அடித்து எல்லாம் தூளாகிவிடும், பிறகு எவ்வளவு நேரம் விட்டாலும் கலங்கல் தெளியாது. தொட்டிகளைப் படிக்கட்டு மாதிரி உயரத்தில் வைத்து, திரண்ட தண்ணீர் தானாக வழிந்து போகும்படி செய்துவிட்டால் பாலிமர் பாதி போதும்.

ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து வரும் கேக் அபாயகரமான கழிவு. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி 90 நாளுக்கு மேல் பட்டறையில் வைத்திருக்கக் கூடாது, மேனிஃபெஸ்ட் என்ற அனுப்புச் சீட்டு போட்டு, அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். இங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு லாரி போகிறது. கிலோவுக்குத்தான் பணம் என்பதால் கேக்கில் இருக்கும் தண்ணீருக்கும் சேர்த்தே கட்டுகிறோம். கூரைக்குக் கீழே, சிமென்ட் தரையில், வழியும் நீர் திரும்ப ஈடிபிக்கே வரும்படி பரப்பி உலர்த்தினால் எடை நன்றாகவே குறையும்.

இத்தனையும் தண்ணீர் அழுக்கான பிறகு செய்வது. அழுக்காகாமல் செய்வதில் இருக்கும் லாபம் இதைவிடப் பெரியது. ஜிக்கைத் தொட்டிக்கு மேலே இன்னும் பத்து விநாடி நிறுத்திச் சொட்ட விடுங்கள், துளை கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்யும் பையனுக்குப் பத்து விநாடி என்பது காசு. அதனால் சொன்னால் மட்டும் நடக்காது, தொட்டி விளிம்பில் ஜிக்கை மாட்டிவைக்க ஒரு கம்பி பொருத்திவிட வேண்டும். அடுத்த ஜிக்கை அவர் எடுக்கும் நேரத்தில் இது தானாகச் சொட்டிக்கொண்டிருக்கும்.

அதன்பின் ஒரு டிராக்-அவுட் தொட்டி, அதாவது ஓடாத தண்ணீரில் முதல் முக்கு. குரோமும் நிக்கலும் சூடான தொட்டிகள், தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். குறைகிற அளவுக்கு இந்த டிராக்-அவுட் தண்ணீரையே ஊற்றினால் கழிவாகப் போகவேண்டிய குரோமும் நிக்கலும் வேலைக்கே திரும்புகின்றன. குளிர்ந்த துத்தநாகத் தொட்டிக்கு இந்த வசதி இல்லை. அதற்குப் பிறகு எதிர்த்திசை வாஷ். சரக்கு முதல் தொட்டியிலிருந்து இரண்டாவதுக்குப் போக, நல்ல தண்ணீர் இரண்டாவதில் விழுந்து முதலாவதுக்கு வழிய வேண்டும். ஒட்டிவரும் கரைசலை ஆயிரத்தில் ஒரு பங்காக்க ஒரே தொட்டியில் ஒரு லிட்டருக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீர் வேண்டும். இப்படி இரண்டு தொட்டி வைத்தால் சுமார் 32 லிட்டர் போதும். ஒரு தொட்டிக்கு இடம் இல்லை என்று சொல்லும் பட்டறைகளில், பெரிய ஈடிபி கட்ட மட்டும் இடம் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் போட்ட அமிலம், காஸ்டிக், மெட்டா, ஹைப்போ எல்லாம் கடைசியில் உப்பாகத் தண்ணீரிலேயே நிற்கின்றன. இதுவரை சொன்ன எதுவும் அதை எடுக்காது. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதிலிருந்து ஆர்ஓ, ஆவியாக்கி என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் பழகிய பேச்சாகிவிட்டது. பிளேட்டிங்கிலும் அதைக் கேட்கிறார்கள். ஆர்ஓ வைப்பதானால் மிச்சக் குளோரின் துளிகூட மெம்பிரேனுக்குப் போகக் கூடாது. ஹைப்போ சோதனையை விட்டுவிட்டு மெம்பிரேன் கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை.

கடைசியாகக் குழாய் ஓடும் பாதை. நான்கு குழாயையும் தரைக்கு மேலே ஓட்டுங்கள். தரைக்கு அடியில் புதைத்த குழாயில் விரிசல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஹெக்ஸா மண்ணில் தங்காமல் நிலத்தடி நீரோடு போய்க்கொண்டே இருக்கும். இராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல் நிலத்தடி நீரைக் கெடுத்தது. 2006-இல் உலகின் மிக மோசமாக மாசடைந்த இடங்கள் என்று ஒரு அமெரிக்க அமைப்பு வெளியிட்ட பட்டியலில் அந்த ஊரின் பெயர் வந்தது. நம் பட்டறைகள் அந்த அளவில் இல்லை என்பது உண்மை. ஆனால் குடிநீருக்கான இந்தியத் தரத்தில் குரோமியத்தின் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். முதலில் சொன்ன ஒரு லிட்டர் கணக்கைப் பக்கத்து வீட்டு போர்வெல்லுக்குப் போட்டுப் பாருங்கள்.

மேலே ஓட்டச் சொன்னால் டிராலி போக இடிக்கும் என்பார்கள். கலர்ப்பொடி ஊற்றிய பட்டறையிலும் அதே பேச்சு வந்தது. ஏழடி உயரத்தில் ஒரு கேபிள் டிரே அடித்து, அதன்மேல் நான்கையும் படுக்க வைத்து, ஒவ்வொரு வாஷ் தொட்டிப் பக்கத்திலும் ஒரு சின்னச் சம்ப் பம்ப் வைத்தோம். பம்ப்புக்கு மாதம் கொஞ்சம் கரண்ட் பில் கூடுகிறது. குழாய் கசிந்தால் கீழே நடக்கிறவர் சட்டையில் சொட்டுகிறது, ஒரு மணி நேரத்துக்குள் ஆள் வந்து ஒட்டிவிடுகிறார்.